அறுபத்தோராம் ஊசி

சின்னேரிப்புதூர் சாக்ஸ் மில்லின் ஏழாம் நம்பர் மெஷினுக்குத் தொண்ணூற்றாறு ஊசிகள், மில்லை ஒட்டிய லைன் வீடுகளில் குடியிருந்துகொண்டு அங்கே வேலை செய்த நாங்களும் தொண்ணூற்றாறு பேர், இந்த இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதை ஒருவரும் கவனிக்காமலே இருபத்தைந்து வருஷம் ஓடிப்போயிற்று. கவனித்த பிறகு வேறு எதையும் கவனிக்க எங்களுக்கு நேரமில்லாமல் போயிற்று. மாரப்பன் ஊரை விட்டுப் போன திங்கட்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். அவன் திரும்பி வந்ததும் அதே திங்கட்கிழமைதான்.

மாரப்பன் பேக்கிங்கில் டஜன் கட்டுகிறவன். அன்று காலை ஆறே முக்கால் பஸ்ஸில் தகரப் பெட்டியோடு ஏறிப் பெங்களூருக்குக் கிளம்பிவிட்டான். அதே நேரத்தில், ஜூன் மாசத்துப் பள்ளிக்கூட வெள்ளை சாக்ஸ் ஓடிக்கொண்டிருந்த ஏழாம் மெஷினில், முப்பத்து மூன்றாம் ஊசி கண்ணியை விட்டது. சாக்ஸ் மெஷினைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: நடுவில் ஓர் இரும்பு உருளை, அதன் விளிம்பைச் சுற்றி நிமிர்ந்து நிற்கும் ஊசிகள், ஒவ்வொரு ஊசித் தலையிலும் ஒரு கொக்கி, கொக்கியை மூடித் திறக்க ஒரு சின்ன நாக்கு. நூல் சுற்றி வர வர ஒவ்வொரு ஊசியும் புது வளையம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பழையதைக் கீழே தள்ளும், உருளைக்குள்ளே சாக்ஸ் எடைக்கல்லோடு தொங்கியபடி இறங்கிக்கொண்டே போகும். அந்த வளையத்துக்குத்தான் எங்கள் மில்லில் கண்ணி என்று பேர். ஊசியின் நாக்கு மக்கர் பண்ணினால் கண்ணி நழுவிவிடும், நழுவியது எடைக்கல்லின் இழுப்பில் வரிசை வரிசையாக அவிழ்ந்து கீழே ஓடும், ஓடின தடத்தில் நூல் மட்டும் குறுக்குக் கம்பிகளாக ஏணி போல நிற்கும். கௌதாரி பிடிக்க வேலி ஓரத்தில் வைக்கும் சுருக்குக்கும் எங்கள் பக்கத்தில் கண்ணி என்றுதான் பேர். அந்தப் பேர்ப் பொருத்தம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஓடிய கண்ணியை எடுப்பதில் என் நங்கையை மிஞ்ச அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. நங்கை என்றால் அண்ணன் பெண்டாட்டி, எங்கள் பக்கத்து வழக்கம். பேர் அம்சவேணி. மெஷினை நிறுத்திவிட்டுக் கொக்கி ஊசியை இடது கையில் பிடிப்பாள், ஓடின கண்ணி எங்கே நிற்கிறது என்று தேடி அதன் கழுத்தைப் பிடிப்பாள், ஒவ்வொரு கம்பியாக அதற்குள்ளே இழுத்து இழுத்து, ஏணியில் ஒரு ஆளை ஏற்றுவது போல மேலே ஏற்றிக்கொண்டு வந்து ஊசித் தலையில் மாட்டிவிடுவாள். அன்று முப்பத்து மூன்றையும் அப்படித்தான் எடுத்தாள். சாயங்காலம் மாரப்பன் தகரப் பெட்டியோடு தண்ணிக் குழாயடியில் நின்றுகொண்டிருந்தான்.

"ஏனப்பா, பெங்களூருக்குப் போகலியா?" என்று கேட்டார்கள்.

"தருமபுரி வரைக்கும் போனனுங்க. அங்க எறங்கி எதுத்த பஸ்ஸுல ஏறிட்டேன். ஏன்னு தெரியலீங்க, காலு வந்துருச்சு, நானும் வந்துட்டேன்."

கால் வந்துவிட்டது, கூடவே ஆளும் வந்துவிட்டான், இதிலென்ன அதிசயம் என்று அவரவர் வேலையைப் பார்த்தோம். அந்த மாசத்திலேயே இன்னும் இரண்டு பேர் அப்படிப் போய் அப்படியே வந்தார்கள். அதற்கப்புறம்தான் மேஸ்திரி பொன்னுரங்கம் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தார். மாரப்பனின் டோக்கன் நம்பர் முப்பத்து மூன்று. மற்ற இரண்டு பேரின் டோக்கன் நம்பரும் அன்றன்றைக்குக் கண்ணி விட்ட ஊசியின் நம்பரும் ஒன்று. மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "சரி, அப்ப ஏழாம் நம்பர இனிமே ஓட்ட வேண்டாம்," என்று மட்டும் சொன்னாராம். எங்கள் லைனில் அதிசயத்துக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அந்த மெஷின் ஓடவில்லை. உருளையில் தொங்கிய பாதி சாக்ஸை யாரும் அறுக்கவில்லை. மேல் விளிம்பிலிருந்து கணுக்கால் வரை நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வரிசை பின்னியபடி அது அப்படியே நின்றது. மெஷின் நின்றாலும் ஊசிகள் தங்கள் வேலையை விடவில்லை: யாராவது திரும்பி வருகிற எண்ணமில்லாமல் ஊர் எல்லையைத் தாண்டினால் அவருடைய ஊசி நாக்கைத் திறந்து கண்ணியைக் கீழே போடும். சந்தைக்கோ சாவு வீட்டுக்கோ போனால் அசையாது. பழனிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போன ஒருத்தரின் ஊசி அவர் பஸ் ஏறின கையோடு கண்ணியை விட்டது. அவர் சம்சாரம் மெஷின் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, எடுக்கச் சொல்லவா வேண்டாமா என்று அரை நாள் யோசித்தார்.

கண்ணிக் கமிட்டி என்று ஒன்று ஏற்பட்டது. மேஸ்திரி தலைவர். இரண்டு மணிக்கு ஒரு தரம் மெஷினை எட்டிப் பார்க்க ஆள் போட்டார்கள். கண்ணி விட்டிருந்தால் நங்கைக்குச் சொல்லி அனுப்புவார்கள், அவள் வந்து எடுப்பாள், ராத்திரிக்குள்ளோ மறுநாளோ ஆள் வந்து சேரும். முதலாளி மெஷினுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்து அனுப்பி, 'ஆட்கள் தேவை' போர்டை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லிவிட்டார். பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு பையனின் டோக்கன் நம்பரையும் கேட்டு, எத்தனை தரம் விட்டிருக்கிறது என்று விசாரித்தார்கள். அம்மாக்காரிகள் நங்கைக்கு முறுக்கு கொண்டுவந்து கொடுத்து, "என்ற பையன் ஊசிய மட்டும் கொஞ்சம் நல்லாப் பாத்துக்க கண்ணு," என்றார்கள். யாரும் தொலைந்து போகக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தில்தான் எங்களுக்கு மூச்சு முட்டியது.

ஒரே ஒரு தரம் நங்கைக்குக் கை தவறியது. லோகநாதன் என்கிற டையிங் பிரிவுக்காரன் ஓடிப்போனபோது அவளுக்குக் காய்ச்சல், கண் மங்கலாக இருந்தது, இரண்டு கம்பிகளை ஒன்றாகச் சேர்த்து எடுத்துவிட்டாள். லோகநாதன் திரும்பி வந்தான். ஆனால் அவன் வாழ்க்கையிலிருந்து இரண்டு மாசம் எங்கள் யார் நினைவிலும் இல்லை. அந்த இரண்டு மாசத்தில்தான் அவனுக்குக் கல்யாணம் நடந்திருந்தது. அவன் பெண்டாட்டி திலகா கழுத்தில் தாலி இருக்கிறது, எட்டு மாசமாக ஒரே வீட்டில் இருப்பது எல்லோருக்கும் தெரிகிறது, கட்டினது எப்போது என்று மட்டும் அவள் உட்பட ஒருவருக்கும் தெரியவில்லை. "அடப் பாவிகளா, பந்தியில நீங்க எல்லாரும் சாப்பிட்டீங்கடா," என்று அவன் ஒருத்தன் மட்டும் கத்தினான். கமிட்டி கூடிப் பேசி, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தரம் கல்யாணத்தை நடத்தி வைத்தது. சாப்பாடு நன்றாக இருந்தது.

அதிலிருந்துதான் மேஸ்திரி கணக்குப் போட்டார்: நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வரிசையும் ஒரு ஆளின் மொத்த வயசு, முப்பத்திரண்டு வயசு லோகநாதனுக்கு ஒரு வரிசை இரண்டு மாசம். எனக்கு அப்போது இருபத்து நாலு. என் வரிசை ஒவ்வொன்றும் ஒன்றரை மாசம். போனவருக்கு எல்லாம் நினைவிருக்கும், அவிழ்வது ஊரார் நினைவில்தான் என்பதும் அப்போதே தெரிந்துபோயிற்று.

முழுசாக ஓடிவிட்டால் என்ன ஆகும் என்பது அந்தப் பொங்கலுக்குத் தெரிந்தது, அல்லது தெரியாமல் போனது. மூன்று நாள் லீவு முடிந்து ஷெட்டைத் திறந்தபோது பதினேழாம் ஊசி வெறுமனே நின்றது, அதன் கீழே, தலைகீழாகத் தொங்கிய சாக்ஸின் மேல் விளிம்பு வரைக்கும் ஏணி. கமிட்டி அலறியடித்துக்கொண்டு ஆளை எண்ணியது. தொண்ணூற்றைந்து பேர். யார் இல்லை என்று பார்த்தால் எல்லோரும் இருக்கிறார்கள். பதினேழாம் டோக்கன் போர்டில் தொங்கியது, ஒரு வீடு பூட்டியிருந்தது, அதன் வாசலில் ஒரு சைக்கிள் நின்றது, உள்ளே கொடியில் ஒரு சட்டை காய்ந்தது. "நல்லவேளை, யாரும் போகல. டோக்கன்தான் ஒண்ணு அதிகமா அடிச்சுப்போட்டாங்க," என்றார் மேஸ்திரி. சைக்கிளைப் பொதுவில் வைத்து ஓட்டிக்கொண்டோம். நானும்தான் ஓட்டினேன். அது யாருடையது என்று இன்றுவரை எனக்கும் தெரியாது.

நான் ஏன் போக ஆசைப்பட்டேன் என்று எல்லோரும் கேட்டார்கள். காதல் இல்லை, சண்டை இல்லை. பிறந்ததிலிருந்து ஒரு ராத்திரி கூட அந்த லைனைத் தாண்டித் தூங்கினதில்லை, அதுதான். அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அண்ணனும் நங்கையும்தான் என்னை வளர்த்தார்கள், குறை ஒன்றும் வைக்கவில்லை, ஆனால் நான் தலை குளித்தால் கூட ஏன் இன்றைக்கு என்று கேட்க அங்கே தொண்ணூறு பேர் இருந்தார்கள். இன்னார் மகள், இன்னார் தங்கை என்று ஒருவருக்கும் தெரியாத ஊரில் ஒரு தெருவில் நடந்து பார்க்க வேண்டும் என்று எனக்குப் பசி மாதிரி இருந்தது. தூத்துக்குடியில் நோட்டுப் புத்தகம் தைக்கிற பட்டறை ஒன்றில் வேலை இருப்பதாகப் பேப்பரில் பார்த்தேன். கிளம்பிவிட்டேன்.

முதல் தரம் கரூர் தாண்டவில்லை. இடது உள்ளங்காலில் யாரோ முள் எடுப்பது போலக் குடைந்தது, எழுந்து இறங்கி எதிர்ப் பக்கம் போய் நின்றுவிட்டேன். அறுபத்தொன்று என் ஊசி. இரண்டாம் தரம் திண்டுக்கல். மூன்றாம் தரம் கோவில்பட்டி வரை போய்விட்டேன், ஏனென்றால் அன்றைக்கு நங்கை கொக்கி ஊசியைக் காணோம் என்று சொல்லிப் பாதிப் பகலைத் தேடியே கழித்திருக்கிறாள். அப்புறம் மேஸ்திரியின் மகள் புது ஊசி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டிவிட்டாள். அந்தப் பெண்ணும் கண்ணி எடுக்கப் பழகிக்கொண்டிருந்தாள். கமிட்டி முன்யோசனை உள்ள கமிட்டி.

திரும்பி வந்தவர்களிடம் ஒரு மாற்றம் இருந்ததை ஒருவரும் பேசவில்லை. எடுத்த கண்ணி மற்றக் கண்ணிகளை விடக் கொஞ்சம் இறுகியிருக்கும், கையால் தடவினால் தெரியும். நாங்களும் அப்படித்தான் இறுகினோம். முதல் தரம் ரவிக்கை ஒரு சுற்றுச் சின்னதாகிவிட்டது போல இருந்தது. மூன்றாம் தரத்துக்கு அப்புறம் சிரித்தால் விலா வலித்தது, பெருமூச்சு பாதியில் நின்றது. மாரப்பன் ஐந்து தரம் போய் ஐந்து தரம் வந்தவன். குழாயடிப் படியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், சைரன் ஊதினால் எழுந்து வேலைக்குப் போவான், சைரன் ஊதினால் வந்து உட்காருவான், இடையில் ஒரு வார்த்தை கிடையாது. நான் அவனைப் பார்க்காமல் இருக்க வேறு குழாய்க்குத் தண்ணிக்குப் போனேன்.

புரட்டாசி மாசத்தில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் நங்கை என்னை நூல் குடோன் பின்னால் கூட்டிப்போனாள். தூக்குப் போசியைத் திறக்கவே இல்லை.

"இன்னொருக்கா எடுத்தா நூலு அந்துபோகும், அம்மிணி. உன்ற கண்ணி எனக்குக் கையில தெரியுது. வெறைச்சுக் கெடக்குது."

"எடுக்காதீங்க, நங்கை. உட்டுருங்க."

"உட்டா என்ன ஆகும்னு தெரியுமல்லோ? பதினேழு யாருன்னு உனக்குத் தெரியுதா? எனக்குந் தெரியாது. அப்படி ஆயிருவே. உன்ற அண்ணனுக்குத் தங்கச்சி இல்லாமப் போயிரும்."

"உங்களுக்கும்தானுங்க."

"அதத்தான் சொல்ல வந்தேன்," என்றாள். பிறகு வெகு நேரம் நூல் மூட்டையின் சணலைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். "ஒண்ணு கேக்கறேன், வெய்யாதே. எம்பத்தொம்பதாம் வரிசைல ஒரே ஒரு முடிச்சுப் போட்டுக்கட்டுமா? நான் இந்த ஊட்டுக்கு வந்தப்போ உனக்குப் பதினொண்ணு. எண்ணிப் பாத்துட்டேன். வந்த அன்னைக்கு இருந்த வரிசை அதான். அதுக்கு மேல இருக்கறதெல்லாம் போகட்டும். அது ஒண்ண மட்டும் வெச்சுக்கறேன்."

ஒரு கண்ணி மிச்சம் இருந்தாலும் மேஸ்திரி மகள் அதன் கழுத்தைப் பிடித்து மேலே ஏற்றிவிடுவாள், இரண்டே நாளில் நான் குழாயடியில் நிற்பேன். இது நங்கைக்குத் தெரியாததில்லை. தெரிந்தும்தான் கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். அப்படிச் சொன்னதற்கு இன்றுவரை வருத்தப்படுகிறேன், மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

"அப்ப நீங்களும் வந்துருங்க, நங்கை."

"நான் வந்துட்டா உன்ற கண்ணிய ஓட உட்டுட்டு ஆரு பாத்துட்டு நிக்கறது?" என்றாள். "எடுக்காம நிக்கறதுக்கும் ஒரு ஆள் வேணுமல்லோ."

நாளையும் அவளே குறித்தாள். ஆயுத பூஜை. அன்று மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கத்தரிக்கோல், ஸ்பேனர், கொக்கி ஊசி எல்லாவற்றையும் வாழையிலையில் சாமி முன்னால் பரப்பிவிட்டால், மறுநாள் காலையில் கும்பிட்டு எடுக்கிற வரைக்கும் ஒருவரும் தொடமாட்டார்கள். நான் வீட்டுக்குத் தூரம் என்று அவளே அண்ணனிடம் சொல்லிவிட்டாள், அதனால் என்னைப் பூஜைக்குத் தேட ஆள் இல்லை. பத்தரை மணி பஸ்ஸில் ஏறினேன். ஷெட்டுக்குள் மணி அடிக்கிற சத்தம் கேட்டது. பஸ் எல்லைக் கல்லைத் தாண்டியது.

அதற்கப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் அவர்களை எனக்குத் தெரியும், இப்படித்தான் நடந்திருக்கும். கற்பூரத் தட்டு ஏழாம் மெஷினுக்கு வருகிற நேரத்தில் அறுபத்தோராம் ஊசி நாக்கைத் திறந்திருக்கும், எல்லோர் கண்ணும் பார்த்திருக்கும், மேஸ்திரி தட்டை வைத்துவிட்டு, "நவமணி போயிட்டா! அம்சவேணி, எடு அந்த ஊசிய!" என்று கத்தியிருப்பார். நங்கை கையைக் கூப்பியபடியே, "பூஜைல வெச்சதுங்க. தொடலாமுங்களா?" என்று கேட்டிருப்பாள். தொடலாம் என்று நாலு பேரும், தொட்டால் வருஷம் முழுக்க மில் விளங்காது என்று நாற்பது பேரும் சொல்லியிருப்பார்கள். புது ஊசி பெட்டியில் இருக்கிறதே என்று மேஸ்திரி மகள் சொல்லியிருப்பாள், அந்தப் பெட்டிக்கும் சந்தனம் வைத்தாயிற்று என்று யாராவது காட்டியிருப்பார்கள். இப்படி அவர்கள் வாதாட வாதாட, எடைக்கல் தன் பாட்டில் இழுக்க இழுக்க, நான் அவிழ்ந்துகொண்டிருந்தேன்.

பஸ் வெள்ளகோவில் தாண்டுகிறபோது இந்த ஆவணி போயிருக்கும், சித்திரை போயிருக்கும், நூல் குடோன் பின்னால் நாங்கள் பேசிய பேச்சு போயிருக்கும், அதனால் கண்ணியை ஏன் எடுக்காமல் நிற்கிறோம் என்பதே நங்கைக்கு மறந்திருக்கும், ஆனாலும் பூஜையில் வைத்ததைத் தொடமாட்டாள். கரூர் வருகிறபோது எனக்கு வேலை கிடைத்த முதல் நாளும், அன்றைக்கு அவள் தன் பழைய செருப்பைத் தைத்துக் கொடுத்ததும் போயிருக்கும். குளித்தலைப் பக்கம் திரும்புகிற ரோட்டைப் பார்த்தபோது நான் பெரிய மனுஷி ஆனதும், பயந்து அழுததும், அவள் கூடவே உட்கார்ந்து புளியங்கொட்டை ஆடினதும் போயிருக்கும். திண்டுக்கல்லுக்கு முன்னால், நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன், எண்பத்தொன்பதாம் வரிசை: கல்யாணம் முடிந்து அவள் எங்கள் வீட்டுக்குள் கால் வைத்த நேரத்தில் மில் சைரன் ஊதியது, அப்படி ஒரு சத்தத்தை அதுவரை கேட்டிராதவள், இடி விழுந்துவிட்டது என்று நினைத்து, தன் காதைப் பொத்தாமல் பக்கத்தில் நின்ற என் காதைப் பொத்தினாள். அது போன இடம் வேடசந்தூர் என்று நினைக்கிறேன். நான் பஸ் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமாக அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் யார் செத்துப்போனார்கள் என்று கேட்டாள். யாரும் இல்லை, நான்தான் என்று சொல்ல முடியவில்லை.

மிச்ச எண்பத்தெட்டு வரிசையும் அண்ணனுடையது. சேனாதிபதி அண்ணன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனது, நடை பழக்கினது, தொட்டிலை ஆட்டினது எல்லாம் மதுரைக்குள் போய்விட்டிருக்கும். ஷெட்டில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, எதற்குக் கூட்டம் போட்டு நின்றோம் என்று யோசித்து, யோசனை பிடிபடாமல் பொரிகடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நல்லவேளை யாரும் போகல என்று மேஸ்திரி சொல்லியிருப்பார். அன்று கோவில்பட்டி தாண்டியும் உள்ளங்காலில் ஒன்றும் குடையவில்லை. மூச்சு அடிவயிறு வரைக்கும் இறங்கிப் போனது.

தூத்துக்குடியில் மூன்று வருஷம் இருந்தேன். நான் யார் மகள் என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் வருஷம் அது தித்தித்தது, இரண்டாம் வருஷம் பழகிவிட்டது, மூன்றாம் வருஷம் நங்கையை ஒரு தரம் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தால் போதும் என்று ஆகிவிட்டது. நான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தே செய்தேன், என்னை யாரும் கூப்பிடவில்லை.

மில் கேட்டில் நூல் வண்டி தள்ளிக்கொண்டு வந்தவர் என் அண்ணன். மீசை நரைத்திருந்தது. "கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கம்மா," என்றார், முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நான் ஒதுங்கி நின்றேன். உள்ளே போக வேறு காரணம் கிடைக்கவில்லை, வேலை கேட்டு வந்திருப்பதாக வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டேன். மேஸ்திரி ஓடியே வந்துவிட்டார். பதினேழோடு இன்னொரு ஊசியும் ரொம்ப நாளாகச் சும்மா நிற்கிறது என்று அவருக்கு மனசு சரியில்லை. டோக்கனைக் கூட எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்: அறுபத்தொன்று.

"வெளியூருங்களா? நல்லது, நல்லது. தங்க வீடு தர்றோம். கண்ணி எடுக்கத் தெரியுமுங்களா? அம்சவேணி, இந்தப் பொண்ணுக்கு ஒரு பீஸக் குடுத்துப் பாரு."

நங்கை மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். கண்ணி ஓடிய நீல சாக்ஸ் ஒன்றையும் கொக்கி ஊசியையும் என் பக்கம் தள்ளி, "உக்காருங்க," என்றாள். என்னை அவள் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. கண்ணியின் கழுத்தைப் பிடித்தேன், கம்பி கம்பியாக ஏற்றினேன், இருபது வரிசை. ஏற்றி முடிக்கிற வரைக்கும் அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வலது கைக்காரிதான், ஆனால் கொக்கி ஊசியை மட்டும் இடது கையில்தான் பிடிப்பேன், அவளைப் பார்த்துக் கற்றதால்.

சாக்ஸை வாங்கி விரலால் தடவினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எடுத்த இடம் எதுவென்று தேடினாள் போலிருக்கிறது.

"ஆருகிட்டக் கத்துக்கிட்டீங்க?"

"என்ற நங்கைகிட்டீங்க."

"நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காங்க," என்றாள் மெதுவாக. மேஸ்திரி டோக்கனைத் துணியால் துடைத்தபடி மெஷின் பக்கம் நடந்துகொண்டிருந்தார். நங்கை அவர் முதுகைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இங்க வந்து மாட்டிக்கறதுக்கு வேற ஊரா கெடைக்கல உங்களுக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். சாக்ஸைக் கழிவுக் கூடையில் வீசினாள். ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏனுங்க மேஸ்திரி, இந்தப் பொண்ணு ஆகாதுங்க! கை நடுங்குது! ஊசிய ஒடச்சுப் போட்டுரும்!" என்று கத்தினாள்.

"அட, பழகிக்கும் விடு, அம்சவேணி..."

"பழகாதுங்க. பதினஞ்சு வருசமா கண்ணி எடுக்கறவ சொல்றேன். இது நமக்கு ஆகவே ஆகாது." என் பக்கம் திரும்பி, குரலைக் கொஞ்சமும் தணிக்காமல், "எந்திரிங்க. அஞ்சு நிமிசத்துல பஸ்ஸு. நிக்காமப் போங்க," என்றாள்.

மெஷின்களில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், வேலை போச்சு என்று யாரோ சொன்னது கேட்டது. அண்ணன் நூல் வண்டியை நிறுத்தி எனக்கு வழி விட்டார். நான் யாரையும் திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, வந்து நின்ற பஸ்ஸில் ஏறி, டிக்கெட்டுக்குச் சில்லறையை எடுத்தேன். அப்போதுதான் என் கை நடுங்கியது.